ஏட்டில் எழுதிய பெயர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் இன்று தொழிற்சாலை மதில்கள் நீள்கின்றன. முன்பு அங்கே ஏரிப் பாசன வயல்கள் இருந்தன. நிலத்தின் விலை ஏற ஏற, மக்கள் தம் முன்னோரின் தாள்களைத் தேடத் தொடங்கினர். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்ததும், எங்கள் பங்கின் முதியவர் ஒருவர் என் அறை வாயிலில் வந்து நின்றார்.

“சாமி, எங்க அப்பாவோட ஞானஸ்நானம் கோயில் புத்தகத்துல இருக்குமா?”

அவருடைய குடும்பத்தின் அரை ஏக்கர் நிலத்துக்குப் பட்டா இன்றும் பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. அவருடைய மகன்தான் தம் தந்தை என்பதற்குச் சான்று இல்லை. பழைய ஏட்டைப் புரட்டினோம். தந்தையின் பெயரும், பாட்டன் பாட்டி பெயர்களும், ஞானத்தாய் தந்தையர் பெயர்களும் மங்கிய மையில் இருந்தன. முதியவர் கண்கலங்கினார். பின், “தாத்தாவோட அப்பா பேரு இருக்குமா சாமி?” என்றார். எங்கள் ஏடு அவ்வளவு தொலைவு செல்லவில்லை. வேறெங்கே தேடுவது என்னும் கேள்வி அன்றுமுதல் என்னை விடவில்லை.

இங்கிலாந்தில் எளிய உழவரின் வழித்தோன்றல்கூடச் சில வேளைகளில் பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை பின்னோக்கிச் செல்ல இயலும். அங்கே நிலக்கிழார்கள் தத்தம் பண்ணைக்கு நீதிமன்றம் நடத்தி, அதன் நடவடிக்கைகளைத் தோல் சுருள்களில் எழுதிவைத்தனர். நிலத்தோடு பிணைக்கப்பட்ட குடியானவன் இறந்தால், அவனுடைய கால்நடைகளுள் சிறந்த ஒன்றைக் கிழாருக்குக் கொடுத்து, வாரிசு தன் பெயரைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவின் நகலே பிற்காலத்தில் உரிமைப் பத்திரமாயிற்று. இம்முறை 1926 வரை நீடித்தது. குடியானவன்மீது கொண்ட அன்பினால் அவன் பெயரை எழுதவில்லை. வரவேண்டியது தவறாமல் வரவேண்டும் என்றே எழுதினர். எனினும் பெயர் நின்றது.

நம் நாட்டில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. நம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஆனால் குடத்தில் ஓலை இடப்படுவதற்கு வரி செலுத்தும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். நிலமற்றவன் பெயர் அக்குடத்துக்குள் செல்லவே வழியில்லை.

ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கற்பட்டுச் சீமையைப் பெற்ற ஆங்கிலேயக் கம்பெனி, 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் பொறியாளரைக் கொண்டு ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்தது. ஊர்க் கணக்குகளிலிருந்து நிலம், ஏரி, வீடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பவை எல்லாம் தொகுக்கப்பட்டன. வீடுகளைச் சாதிவாரியாக எண்ணினர். சேரியில் வாழ்ந்த உழவர் அங்கே ஒரு எண்ணிக்கை மட்டுமே. திருக்குறளை நேசித்த எல்லிஸ் துரை 1818இல் வெளியிட்ட மிராசு உரிமை பற்றிய நூலும் காணியாட்சி உடையவர்களின் உரிமையையே ஆராய்கிறது. அந்தக் காணியை உழுத படியாளுக்கோ பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. அடிமைநிலையைச் சட்டம் ஏற்காது என்று 1843இல் அறிவித்த பின்னும் அவனுக்கு நிலம் வரவில்லை.

செங்கற்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர், அம்மக்கள் குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை 1891இல் அரசுக்கு எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. பலருடைய குலவரலாற்றில் முன்னோர் பெயர் நில ஏட்டில் முதன்முதலாக ஏறியது அதன்பின்தான். அந்நிலங்களும் பல இடங்களில் பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து, இருவர் உயிரிழந்தனர். ஏட்டில் உள்ள ஒரு வரிக்காக மனிதர் உயிர் தர நேர்ந்தது.

சட்டம் உடைமையைத் தேடியது. உடையவனின் பெயரை எழுதியது. திருச்சபையின் ஏடு வேறொன்றைத் தேடியது. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குப் பணியாளர்கள் பதிவேடு வைத்திருக்கக் கட்டளையிட்டது. நிலமுள்ளவனா இல்லாதவனா என்று அது கேட்கவில்லை. ஆகையால்தான் எந்தப் பத்திரத்திலும் இடம்பெறாத படியாளின் மகனும், அவன் தாயும் எங்கள் ஏட்டில் பெயரோடு வாழ்கின்றனர். இதில் நாம் பெருமை பேசவும் தகுதியில்லை. ஏட்டில் ஒரே வரிசையில் எழுதிய பெயர்களைக் கோயிலுக்குள் தனித்தனியே பிரித்து உட்காரவைத்ததும், கல்லறையிலும் பிரித்ததும் நாம்தானே!

பாபிலோனிலிருந்து திரும்பிய குருகுலத்தார் சிலர் தலைமுறை அட்டவணையில் தம் பெயரைக் காணாமல் பணியிலிருந்து விலக்கப்பட்டதை எஸ்ரா நூல் கூறுகிறது. ஏடு இல்லாததால் உரிமை இழப்பது அன்றே இருந்த துயரம்.

முதியவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகம் சென்றார். அவர் மனு இன்னும் விசாரணையில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு ஒரு திருமுழுக்கு. பெற்றோர் ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர். வேலை செய்யுமிடத்தில் அவர்களுக்கு அடையாள அட்டை எண் உண்டு. வழக்கமாக விரைந்து எழுதும் நான், அன்று தந்தை பெயர், தாய் பெயர், அவர்களின் சொந்த ஊர், மாவட்டம் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிக் கேட்டு, தெளிவாக எழுதினேன். எண்பது ஆண்டுகள் கழித்து, ஒரு பேரன் இந்த வாயிலில் வந்து நிற்கக்கூடும்.