மரத்தை மாய்க்காமல் ஒரு மருந்து

பட்டையை உரித்தால் மரம் சாகும். உரிக்காவிட்டால் நோயாளிக்கு மருந்து கிடைக்காது. இப்படியோர் இக்கட்டை அறிவியல் எவ்வாறு கடந்தது என்பதை இன்று காண்போம்.

1962 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் பசிபிக் யூ மரத்தின் பட்டையை ஆர்தர் பார்க்லே என்னும் தாவரவியலார் சேகரித்தார். அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளின் அமைப்பை வால், வானி முதலிய அறிஞர்கள் 1971 இல் வெளியிட்டனர். அதுவே டாக்சால். 1992 இல் சூலகப் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்க அரசு அதனை ஏற்றது.

ஆனால், ஒரு கிலோ டாக்சாலுக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை வேண்டியிருந்தது! நம் பால்மரம் சீவச் சீவப் பால் தரும். யூ மரமோ மிக மெதுவாக வளர்வது. பட்டையை முற்றும் உரித்தால் பட்டுப்போகும்.

மரமின்றி அதன் உயிரணுக்களை மட்டும் வளர்க்க முடியாதா? இக்கேள்வியை 1902 இலேயே ஹேபர்லாண்ட் என்னும் அறிஞர் எழுப்பினார். அவர் வளர்த்த உயிரணுக்கள் உயிரோடிருந்தன, பெருகவில்லை. 1939 இல் அமெரிக்காவில் ஒயிட்டும் பிரான்சில் கோத்தரேயும் நொபேகூரும் தாவரத் திசுவை இடைவிடாது வளர்த்துக் காட்டினர்.

தொழிற்சாலைக்கு வழிகாட்டியது ஜப்பான். அங்கே மிட்சுயி நிறுவனம் 1983 இல், ஒரு செடியின் வேரில் கிடைக்கும் ஷிகோனின் என்னும் செந்நிறச் சாயத்தைக் கலன்களில் வளர்த்த உயிரணுக்களிலிருந்து எடுத்தது. விரைந்து பெருகும்போது உயிரணுக்கள் சாயத்தை அதிகம் தருவதில்லை. ஆகவே ஒரு கலனில் பெருகவிட்டு, வேறு ஊட்டநீர் நிறைந்த மற்றொரு கலனில் சாயத்தை உண்டாக்கச் செய்தனர்.

இது எளிய வேலையன்று. பாக்டீரியா சில மணி நேரத்தில் பன்மடங்கு பெருகும். தாவர உயிரணு இரட்டிக்கவே நாட்கள் ஆகும். வேகமாகக் கலக்கினால் சிதையும். சிறு கிருமி புகுந்தாலும் கலன் முழுவதும் பாழ்.

இத்தனையும் கடந்து, யூ உயிரணுக்கள் ஜெர்மனியில் பெரும் எஃகுக் கலன்களில் வளர்க்கப்பட்டன. இடையில் யூ இலைகளிலிருந்து டாக்சாலைச் செய்யும் முறையும் வந்திருந்தது. அதற்கு வேதியியல் படிகள் பல. உயிரணு முறை அவற்றைக் குறைத்தது. அதற்காகப் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் 2004 இல் அமெரிக்க அரசின் பசுமை வேதியியல் பரிசைப் பெற்றது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. கலனில் பெருகும் உயிரணுவின் தாய் ஒரு மரமே. பார்க்லே வருவதற்கு முன்பே யூ மரங்கள் அழிந்திருந்தால், எந்த எஃகுக் கலனாலும் அம்மருந்தை நமக்குத் தந்திருக்க இயலாது.