நார்வாக் நகரின் பெயரில்

1968 அக்டோபரில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நார்வாக் நகரில், ஓர் ஆரம்பப் பள்ளியின் மாணவர், ஆசிரியர்களில் பாதிப்பேர் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் அவதியுற்றனர். காரணமான பாக்டீரியா எதுவும் அகப்படவில்லை. பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்த மலக்கரைசலைத் தன்னார்வலர்கள் அருந்தினர். அவர்களிலும் பலர் நோயுற்றனர். அப்படியானால் அதனினும் நுண்ணிய ஏதோவொன்று இருந்தாக வேண்டும். அதைக் கண்டவர்தான் இல்லை.

1972இல் ஆல்பர்ட் கபிகியான், நோயிலிருந்து மீண்டவரின் சீரத்தை அக்கரைசலில் கலந்தார். சீரத்திலிருந்த எதிர்ப்புரதங்கள் துகள்களைத் திரளாகச் சேர்க்க, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 27 நானோமீட்டர் அளவேயான வைரஸ் புலப்பட்டது. பிணியுற்ற உடலின் நினைவே அங்கு சாட்சியாயிற்று.

1990இல் மரபணுத்தொகுதி படியெடுக்கப்பட்டபின், கலிசிவைரஸ் குடும்பத்தில் அதன் இடம் உறுதியாயிற்று. 2002இல் பேரினத்துக்கு நோரோவைரஸ் என்று பெயரிடப்பட்டது. ஊர்ப்பெயர் சுருங்கி நிலைத்துவிட்டது. கரைசலை அருந்தியவர்களின் பெயர்கள் வகைப்பாட்டில் இல்லை.