2020ஆம் ஆண்டின் அமெரிக்க வார இறுதி வசூல் பட்டியல்

வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களில் திரையரங்குகளில் கிடைத்த வசூலின்படி திரைப்படங்களை வரிசைப்படுத்துவது வார இறுதி வசூல் பட்டியல் ஆகும். அமெரிக்கத் திரைப்படத் துறையில் அமெரிக்காவும் கனடாவும் ஒரே சந்தையாகவே கணக்கிடப்படுகின்றன. அச்சந்தையின் 2020ஆம் ஆண்டுப் பட்டியல் மற்ற ஆண்டுகளின் பட்டியல்களிலிருந்து பெரிதும் வேறுபட்டது. அவ்வாண்டில் ஒரே வார இறுதியில் 6 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படமும் முதலிடம் பெற்றது. ஒரு இலட்சம் டாலரைக்கூட எட்டாத படமும் முதலிடம் பெற்றது. இப்பட்டியல் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதை அறிய 2020ஆம் ஆண்டு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பட்டியல் உருவாகும் முறை

அமெரிக்காவில் புதிய படங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வெளியாகின்றன. வியாழக்கிழமை இரவு நடைபெறும் முன்காட்சிகளின் வசூலும் வெள்ளிக்கிழமைக் கணக்கிலேயே சேர்க்கப்படும். ஞாயிறு காலையில் விநியோக நிறுவனங்கள் ஒரு மதிப்பீட்டை வெளியிடுகின்றன. முதல் இரண்டு நாட்களின் வசூலோடு ஞாயிறன்று எதிர்பார்க்கப்படும் தொகையையும் கூட்டிச் சொல்வதே இந்த மதிப்பீடு. உறுதியான தொகை திங்கட்கிழமை வெளியாகும். ஆகவே ஞாயிறன்று முதலிடத்தில் இருந்த படம் திங்களன்று இரண்டாம் இடத்துக்கு இறங்குவதும் உண்டு.

முதல் வார இறுதிக்கு இத்தனை முக்கியத்துவம் எப்போதும் இருந்ததில்லை. முன்பு பெரிய படங்கள் சில நகரங்களில் மட்டும் வெளியாகி, மெல்ல மற்ற ஊர்களுக்குச் சென்றன. 1975 ஜூன் 20 அன்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘ஜாஸ்’ 400-க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் ஒரே நாளில் வெளியானது. அதற்கு முன்பே தொலைக்காட்சியில் பெருமளவில் விளம்பரமும் செய்யப்பட்டது. முதல் வார இறுதியிலேயே சுமார் 70 இலட்சம் டாலர் கிடைத்தது. ஒரே நாளில் நாடு முழுவதும் வெளியிடும் முறை இதன்பின் வேகமாகப் பரவியது. 2019 ஏப்ரல் இறுதியில் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ மூன்றே நாட்களில் 35.7 கோடி டாலர் ஈட்டியது. சரியாக ஓராண்டு கழித்து, 2020 ஏப்ரல் இறுதியில், அந்நாட்டின் திரையரங்குகள் அனேகமாக அனைத்தும் பூட்டிக் கிடந்தன.

ஜனவரி முதல் மார்ச் வரை

2020ஆம் ஆண்டு வழக்கம்போலவே தொடங்கியது. ஜனவரி முதல் வார இறுதியில் முந்தைய டிசம்பரில் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்: தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ முதலிடத்தில் இருந்தது. அடுத்த வாரம் முதல் உலகப் போர்ப் படமான ‘1917’ சுமார் 3.7 கோடி டாலருடன் அதைப் பின்தள்ளியது. ஜனவரி 17 அன்று வெளியான ‘பேட் பாய்ஸ் ஃபார் லைஃப்’ முதல் மூன்று நாட்களில் சுமார் 6.25 கோடி டாலர் ஈட்டி, தொடர்ந்து மூன்று வாரங்கள் முதலிடத்தில் நீடித்தது. பிப்ரவரியில் ‘பேர்ட்ஸ் ஆஃப் பிரே’, ‘சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’, ‘தி இன்விசிபிள் மேன்’ ஆகியவை அடுத்தடுத்து முதலிடம் பெற்றன.

மார்ச் 6 அன்று பிக்ஸார் நிறுவனத்தின் ‘ஆன்வர்ட்’ வெளியாகிச் சுமார் 3.9 கோடி டாலருடன் முதலிடம் பெற்றது. அடுத்த வார இறுதியிலும் அதுவே முதலிடம். ஆனால் அதன் வசூல் ஒரு கோடி டாலரைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். கொரோனா தொற்று குறித்த அச்சத்தால் மக்கள் வெளியே வரத் தயங்கினர். எல்லாப் படங்களின் வசூலையும் கூட்டினாலும் அது இருபது ஆண்டுகளில் காணாத அளவுக்குக் குறைவாக இருந்தது. சில நாட்களில் ஏஎம்சி, ரீகல் ஆகிய பெரும் திரையரங்குக் குழுமங்கள் தம் அரங்குகளை மூடின. பெரிய நிறுவனங்கள் வசூல் விவரங்களை வெளியிடுவதையும் நிறுத்திக்கொண்டன.

திறந்தவெளித் திரையரங்குகள் காத்த பட்டியல்

இந்நிலையில் பட்டியலுக்கு உயிர் கொடுத்தவை, காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் அரங்குகள். முதல் டிரைவ்-இன் 1933இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் தொடங்கப்பட்டது. 1950களின் இறுதியில் அமெரிக்காவில் இவை சுமார் 4,000 இருந்தன. 2020இல் எஞ்சியிருந்தவை சுமார் 300 மட்டுமே. காலம் கடந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்த அரங்குகளில் பார்வையாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகியிருக்க முடிந்தது. அதனால் பல மாநிலங்களில் இவை இயங்க அனுமதி கிடைத்தது.

மே 1 அன்று ஐஎஃப்சி நிறுவனம் ‘தி ரெட்ச்சட்’ என்ற சிறிய திகில் படத்தை வெளியிட்டது. முதல் வார இறுதியில் அது ஈட்டியது சுமார் 66,000 டாலர். போட்டிக்குப் பெரிய படம் எதுவும் இல்லாததால், அது ஒரு மாதத்துக்கும் மேலாகப் பட்டியலின் உச்சியில் நின்றது. 2018இல் ‘பிளாக் பேந்தர்’ தொடர்ந்து ஐந்து வார இறுதிகள் முதலிடம் வகித்தது பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. முதலிடத்தில் நீடித்த காலத்தை மட்டும் பார்த்தால் ‘தி ரெட்ச்சட்’ அதற்கு இணையானதாகத் தோன்றும். தொகையைப் பார்த்தாலோ, ‘பிளாக் பேந்தர்’ முதல் மூன்று நாட்களில் ஈட்டியது 20 கோடி டாலருக்கு மேல். ஏறத்தாழ 3,000 மடங்கு அதிகம்.

புதிய படங்கள் இல்லாத வெற்றிடத்தைப் பழைய படங்கள் நிரப்பின. 1993இல் வெளியான ‘ஜுராசிக் பார்க்’ 27 ஆண்டுகள் கழித்து ஜூன் மாதத்தில் மீண்டும் முதலிடம் பெற்றது. ஜூலையில் 1980ஆம் ஆண்டுப் படமான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ அதே இடத்தைப் பிடித்தது. இரண்டின் வசூலும் பத்து இலட்சம் டாலருக்குக் குறைவே.

மீண்டும் திறந்த அரங்குகள்

ஆகஸ்ட் 21 அன்று வெளியான ‘அன்ஹிஞ்ட்’ சுமார் 40 இலட்சம் டாலர் ஈட்டியது. ஆனால் துறையே எதிர்பார்த்திருந்தது கிறிஸ்டோபர் நோலனின் ‘டெனெட்’ படத்தைத்தான். ஜூலை 17இலிருந்து பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, அமெரிக்காவில் செப்டம்பர் 3 அன்று அது வெளியானது. முன்காட்சிகளும் கனடாவில் முன்னதாகவே கிடைத்த வசூலும் சேர்ந்து சுமார் 2.02 கோடி டாலர் என அறிவிக்கப்பட்டது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இரு பெரும் நகரங்களிலும் அரங்குகள் அப்போது திறக்கப்படவில்லை. ‘டெனெட்’ ஐந்து வார இறுதிகள் முதலிடத்தில் இருந்தும், இச்சந்தையில் அதன் மொத்த வசூல் 6 கோடி டாலரை எட்டவில்லை. சுமார் 20 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படத்துக்கு இது மிகக் குறைவு.

இதைக் கண்ட மற்ற நிறுவனங்கள் தம் பெரிய படங்களை மேலும் தள்ளிவைத்தன. ஜேம்ஸ் பாண்ட் படமான ‘நோ டைம் டு டை’ 2021க்குச் சென்றதும், ரீகல் குழுமம் திறந்த அரங்குகளை அக்டோபரில் மீண்டும் மூடியது. படம் இல்லாததால் கூட்டம் வரவில்லை. கூட்டம் வராததால் படம் வரவில்லை. நவம்பர் இறுதியில் ‘தி குரூட்ஸ்: எ நியூ ஏஜ்’ படமும், கிறிஸ்துமஸ் அன்று வெளியான ‘வொண்டர் வுமன் 1984’ படமும் ஓரளவு கூட்டத்தைக் கொண்டுவந்தன. பின்னது முதல் வார இறுதியில் சுமார் 1.67 கோடி டாலர் ஈட்டியது. அதே நாளில் அது எச்பிஓ மேக்ஸ் இணையச் சேவையிலும் வெளியிடப்பட்டது.

அரங்குகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையிலான பூசல்

திரையரங்கில் வெளியாகிச் சுமார் மூன்று மாதங்கள் கழித்தே படம் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அதுவரை இருந்த வழக்கம். ஏப்ரல் மாதத்தில் யுனிவர்சல் நிறுவனம் ‘ட்ரோல்ஸ் வேர்ல்ட் டூர்’ படத்தை வீட்டிலேயே வாடகைக்குப் பார்க்கும்படி நேரடியாக வெளியிட்டது. இதனால் சினமடைந்த ஏஎம்சி, யுனிவர்சல் படங்களை இனித் திரையிடுவதில்லை என அறிவித்தது. ஜூலை இறுதியில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி, 17 நாட்கள் கழிந்ததும் படத்தை வீட்டு வாடகைக்கு விட யுனிவர்சலுக்கு உரிமை கிடைத்தது. டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ் ஒரு படி மேலே சென்று, தன் 2021ஆம் ஆண்டுப் படங்கள் அனைத்தும் அரங்கிலும் எச்பிஓ மேக்ஸிலும் ஒரே நாளில் வெளியாகும் என்றது. திரையரங்குகள் நுழைவுச்சீட்டுப் பங்கோடு, நொறுக்குத்தீனி, குளிர்பான விற்பனையையும் நம்பியே இயங்குகின்றன. பார்வையாளர் வீட்டிலேயே இருந்துவிட்டால் அவை இரண்டையும் இழக்கின்றன.

பட்டியலைப் படிக்கும் முறை

2019இல் 1,100 கோடி டாலருக்கு மேல் இருந்த அமெரிக்க, கனடியச் சந்தையின் ஆண்டு வசூல் 2020இல் ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆண்டின் முதல் மாதத்தில் வெளியான ‘பேட் பாய்ஸ் ஃபார் லைஃப்’ படமே, 20 கோடி டாலருக்கு மேல் ஈட்டி, ஆண்டின் முதலிடத்தையும் பெற்றது. மறுபுறம், தொற்று ஓரளவு கட்டுக்குள் இருந்த ஜப்பானில் அக்டோபரில் வெளியான ‘டீமன் ஸ்லேயர்: முகென் டிரெயின்’ மூன்றே நாட்களில் 460 கோடி யென் ஈட்டியது. டிசம்பர் இறுதிக்குள் அந்நாட்டின் எக்காலத்துக்குமான வசூல் சாதனையையும் முறியடித்தது. திரையரங்குக்குச் செல்லும் விருப்பம் மக்களிடம் அற்றுப்போகவில்லை என்பதை இது காட்டியது.

முதலிடம் என்பது அந்த வாரம் ஓடிய மற்றப் படங்களோடு ஒப்பிட்டுத் தரப்படும் வரிசை எண் மட்டுமே. ஆகவே இத்தகைய பட்டியலைப் பயன்படுத்தும் மாணவர்கள் வசூல் தொகை, திரையரங்குகளின் எண்ணிக்கை, கணக்கில் சேர்ந்த நாட்கள், அந்நாளைய நுழைவுச்சீட்டு விலை ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நியூயார்க் நகரத் திரையரங்குகள் 2021 மார்ச் 5 அன்றும், லாஸ் ஏஞ்சலஸ் அரங்குகள் அதே மாத நடுவிலும் திறக்கப்பட்டன. அதன்பிறகே இப்பட்டியலின் எண்களை முந்தைய ஆண்டுகளின் எண்களோடு ஓரளவேனும் ஒப்பிட முடிந்தது.