அலகிடத் தெரியும், பாடத் தெரியாது

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் மாலையில் ஒரு திருக்குறளை அலகிட்டுக் கொண்டுவந்து காட்டினாள். 7 சீர்களையும் அசை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாய்பாடு எழுதி, ஈற்றுச் சீருக்கு 'மலர்' என்றும் சரியாகக் குறித்திருந்தாள். பிழை ஏதும் இல்லை. "இந்தக் குறளை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லம்மா" என்றேன். செய்தித்தாளின் தலைப்பை வாசிப்பதுபோல் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். எங்கே நிற்க வேண்டும், எங்கே நீட்ட வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு எழவில்லை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "அசை பிரிச்சா முழு மார்க் தாத்தா. பாடினா மார்க் கிடையாது" என்றாள்.

அவளைக் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. நானும் அப்படித்தான் படித்தேன். நேர், நிரை, தேமா, புளிமா என்று உருப்போட்டு, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோனேன். அதன்பிறகு 34 ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்தேன். யாப்பின் பக்கம் மீண்டும் திரும்பியது பணி ஓய்வுக்குப் பின்னர்தான். ஆகவே இது தமிழறிஞர் ஒருவர் எழுதும் கட்டுரை அன்று. காலந்தாழ்ந்து கற்ற மாணவன், தன்னைவிட இளைய மாணவர்களுக்குச் சொல்லும் அறிமுகம்.

முதலில் அடிப்படை. தமிழ்ச் செய்யுள் எழுத்தில் தொடங்குகிறது. எழுத்துகள் சேர்ந்து அசை, அசைகள் சேர்ந்து சீர், ஒரு சீரின் ஈறும் அடுத்த சீரின் முதலும் கைகோக்கும் முறை தளை, சீர்கள் நிரல்பட நின்றால் அடி, அடிகளையும் சீர்களையும் எதுகை மோனைகளால் கட்டுவது தொடை. அசை இரண்டே வகை. தனியே நிற்கும் குறிலோ நெடிலோ, ஒற்றுடன் வந்தாலும் வராவிட்டாலும், நேரசை. இரு குறிலோ, குறிலை அடுத்து நெடிலோ இணைந்து வந்தால் நிரையசை. தேமா, புளிமா என்னும் மரப் பெயர்கள் மாணவர்களுக்கு அந்நியமாகத் தோன்றினால், என் துறையின் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். 'வட்டி' தேமா. 'வறுமை' புளிமா. 'பொருளியல்' கருவிளம். 'வங்கியில்' கூவிளம். 'பணவீக்கம்' புளிமாங்காய். நாள்தோறும் வாயில் வழங்கும் சொற்களிலேயே இந்தத் தாளம் இருக்கிறது என்று தெரிந்ததும் என் பேத்தியின் தோழியர் இருவர் தங்கள் பெயர்களுக்கு வாய்பாடு தேடத் தொடங்கிவிட்டனர்.

தொல்காப்பியம் ஆசிரியம், வஞ்சி, வெண்பா, கலி எனப் பாக்களை நான்காகச் சொல்கிறது. நான்குக்கும் நான்கு ஓசைகள்: அகவல், தூங்கல், செப்பல், துள்ளல். பாடநூலில் இவை ஒரு அட்டவணையாக நிற்கின்றன. உண்மையில் முதலில் ஓசை. அதை அளந்து சொல்லும் கருவியே அசையும் சீரும். நாம் அளவுகோலைக் கையில் கொடுத்துவிட்டு, துணியைக் காட்டாமலே அனுப்பிவிடுகிறோம்.

நான்கில் கண்டிப்பு மிகுந்தது வெண்பா. ஈற்றடி 3 சீர், ஏனைய அடிகள் 4 சீர். மாச்சீரை அடுத்து நிரை வர வேண்டும். விளச்சீரை அடுத்தும் காய்ச்சீரை அடுத்தும் நேர் வர வேண்டும். கனிச்சீருக்கு இடமே இல்லை. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். (வரவுசெலவு பார்க்கும் எங்கள் துறைக்கு உகந்த 'காசு' இங்கே வந்து நிற்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.) 2 அடிகளில் முடிந்தால் குறள் வெண்பா, 3 அடி சிந்தியல், 4 அடிக்கு நேரிசை, இன்னிசை என்று இரு வகை, 12 அடி வரை பஃறொடை, அதற்கும் மேல் நீண்டால் கலிவெண்பா. திருக்குறளின் 1,330 பாக்களும் குறள் வெண்பாக்கள். சீர்களை எண்ணினால் 9,310. ஒரு நடுத்தர நீளச் சிறுகதைத் தொகுப்பைவிடக் குறைவான சொற்களில் அறமும் பொருளும் இன்பமும் அடங்கிவிட்டன. பற்றாக்குறையான வளத்தை எப்படிப் பங்கிடுவது என்பதே பொருளியலின் முதல் கேள்வி என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு என் மேசையிலேயே இருந்தது அப்போது தெரியவில்லை.

இந்தக் கட்டுப்பாடுகள் கவிஞனின் கையைக் கட்டிப்போடும் விலங்குகள் என்று நானும் நெடுங்காலம் நினைத்தேன். அந்த எண்ணம் மாறியது ஒரே ஒரு சீரினால். ஓய்வுக்குப் பின் ஒரு குறள் வெண்பா எழுத முயன்றேன். கடன் வாங்கி வீடு கட்டியவரின் உறக்கமின்மைதான் பொருள். 'கடன்வாங்கிக் கட்டிய வீட்டில் இரவெல்லாம்' என்று முதலடி வந்தது. இரண்டாம் அடியை 'விழித்திருக்கும் வட்டிக் கணக்கு' என்று எழுதி, தமிழ்த் துறையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பரிடம் காட்டினேன். அவர் பாராட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. "தளை தட்டுகிறதே, சார்" என்றார். 'இரவெல்லாம்' காய்ச்சீர், அதை அடுத்து 'விழி' என்று நிரை வந்துவிட்டது. காய் முன் நிரை வந்தால் அது கலித்தளை. வெண்பாவில் அதற்கு இடமில்லை. இரண்டு நாள் கழித்து மாற்றுச் சொல் கிடைத்தது.

கடன்வாங்கிக் கட்டிய வீட்டில் இரவெல்லாம்
கண்விழிக்கும் வட்டிக் கணக்கு.

தளை சரியாயிற்று என்பது மட்டுமன்று. 'கண்', 'கணக்கு' என்று மோனையும் எதுகையும் கூடவே வந்து சேர்ந்தன. விழித்திருந்த கணக்குக்கு ஒரு கண்ணும் முளைத்தது. நான் தேடாத பொருளை இலக்கணம் தேடிக் கொடுத்தது. இதைப் பெரிய கவிதை என்று சொல்ல வரவில்லை. அலகிடுதல் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு என்னிடம் உள்ள விடை இதுதான்: எழுதுபவனுக்கு உதவும் கருவி அது; தேர்வெழுதுபவனுக்காகப் பிறந்ததன்று.

ஆசிரியப்பா இதைவிட இளகியது. பேச்சுக்கு மிக அருகில் இருப்பது. ஒருவரை அழைத்துச் சொல்வது போன்ற ஓசையாதலால் அகவல் எனப்பட்டது. சங்க அகப்பாடல்களும் புறப்பாடல்களும் பெரும்பாலும் இதில்தான் அமைந்தன. மணிமேகலை முழுவதும் இதில் நடக்கிறது. 3 அடியிலிருந்து எத்தனை அடிக்கும் நீளலாம். ஈற்றுக்கு முந்தைய அடி மட்டும் 3 சீராகக் குறைந்தால் நேரிசை. எல்லா அடிகளும் 4 சீராக நின்றால் நிலைமண்டிலம். புதிதாக மரபில் எழுத விரும்பும் மாணவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வெண்பாவை முதல் படியாக வைப்பது, நீச்சல் பழகுபவனை ஆற்றின் சுழலில் இறக்குவது போன்றது.

வஞ்சிப்பாவுக்குப் பாடநூலில் கிடைப்பது ஒரு வரி. ஆனால் வஞ்சியடிகளும் அகவலடிகளும் கலந்த பட்டினப்பாலையை, தமிழ்நாட்டுப் பொருளியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். 301 அடிகளில் காவிரிப்பூம்பட்டினத்தின் வாழ்க்கை விரிகிறது. கடல்வழி வந்த குதிரை, வண்டிவழி வந்த மிளகு மூட்டை, தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு என்று அந்தத் துறைமுகத்தின் சரக்குப் பட்டியல் அகவலடிகளில் வருகிறது. பொதிகளில் புலி இலச்சினை பொறித்துச் சுங்கம் கொள்ளும் அலுவலர்களும் வருகிறார்கள். அன்னிய வாணிகம் பற்றிப் பாடம் நடத்திய ஆண்டுகளில் வெளிநாட்டுத் துறைமுகங்களைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கலிப்பா துள்ளி நடப்பது. தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம் என்று உறுப்புகளாக வளர்வது. கலித்தொகையின் 150 பாடல்களில் உரையாடலும் ஊடலும் ஏறத்தாழ ஒரு நாடகம்போல நிகழ்வதற்கு இந்த அமைப்பே இடம்தருகிறது.

இந்த நான்கு பாக்களுக்கும் துறை, தாழிசை, விருத்தம் என்னும் இனங்கள் தோன்றின. அவற்றுள் விருத்தமே பின்னாளில் காப்பியங்களை ஆண்டது. சீவக சிந்தாமணி, கம்பராமாயணம், பெரியபுராணம் மூன்றும் விருத்தத்தில் எழுந்தவை. 4 அடிகளும் அளவொத்து, ஓர் எதுகையில் நிற்கும். சீர்களின் எண்ணிக்கையையும் சந்தத்தையும் மாற்றி மாற்றிப் போர்க்களத்துக்கு ஒரு நடை, புலம்பலுக்கு ஒரு நடை என்று கம்பர் கையாண்டிருக்கிறார். கட்டளைக் கலித்துறையோ எழுத்தெண்ணிப் பாடுவது. ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடியில் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. அபிராமி அந்தாதி இந்த யாப்பில் அமைந்தது. யாப்பிலக்கணத்தையே கற்பிக்கும் அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகையும் இதே யாப்பில், ஒரு பெண்ணை விளித்துச் சொல்வதாக இயற்றப்பட்டது. இலக்கண நூலிலும் பாட்டு இருந்த காலம் அது.

அந்தாதி, உலா, தூது, பரணி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், குறவஞ்சி என்று சிற்றிலக்கியங்களை 96 வகையாகக் கணக்கிடுவது மரபு. அத்தனையையும் மாணவர் மனப்பாடம் செய்வதில் பயனில்லை. ஒன்றை முழுதாகப் படித்தால் போதும். எனக்கு அந்த ஒன்று முக்கூடற்பள்ளு. அதில் எனக்கொரு வருத்தமும் உண்டு. 1980களில் திருநெல்வேலி வட்டாரத்தின் ஏரிப் பாசனத்தையும் குத்தகை உழவையும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். வருவாய்த் துறைப் பதிவேடுகளையும் ஆங்கிலேய அதிகாரிகளின் கையேடுகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்தேன். அதே தாமிரபரணிக் கரையில், இன்று சீவலப்பேரி என வழங்கும் முக்கூடலில் நிகழ்வதாகப் பாடப்பட்ட பள்ளு நூலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நெல்வகைகளின் பெயர்கள், மாடுகளின் வகைகள், வெள்ளத்தில் வந்த மீன்கள், ஏரின் உறுப்புகள், பண்ணைக்காரனிடம் உழவன் கணக்கு ஒப்பிக்கும் இடம், அவனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கின்றன. உழைப்பவனுக்கும் மேற்பார்ப்பவனுக்கும் இருந்த உறவைப் பதிவேடுகள் தொகையாகச் சொல்கின்றன. பள்ளு குரலாகச் சொல்கிறது. இலக்கியம் வேறு கட்டடத்தில் இருக்கிறது என்று எண்ணியதால் என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் எழுதப்படாமலே போயிற்று.

பள்ளும் குறவஞ்சியும் சிந்து என்னும் இசைப்பா வடிவத்தை நிறையப் பயன்படுத்துகின்றன. நடவுப் பாட்டுக்கும் தெம்மாங்குக்கும் பக்கத்து வீடு அது. அண்ணாமலை ரெட்டியார் அதைக் காவடியில் ஏற்றினார். 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்ட பாரதியார், பொதுமக்கள் விரும்பும் எளிய மெட்டு வேண்டும் என்று கருதி நொண்டிச் சிந்தைக் காப்பியத்துக்குள் கொண்டுவந்தார். வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது யாரிடம் பேசப்போகிறோம் என்பதைத் தேர்ந்தெடுப்பதும் ஆகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதே பாரதியார்தான் வசன கவிதையும் எழுதினார். 1934-இல் மணிக்கொடியில் ந. பிச்சமூர்த்தி எழுதிய கவிதையும், 1959-இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழும், 1971-இல் கோவையில் எழுந்த 'வானம்பாடி'யும் யாப்பைத் துறந்த புதுக்கவிதையை நிலைநிறுத்தின. யாப்பு இல்லை என்பதால் அமைப்பு இல்லை என்றாகாது. அடியை எங்கே முறிப்பது என்ற முடிவை ஒவ்வொரு முறையும் கவிஞரே எடுக்க வேண்டியிருக்கிறது. அது கூடுதல் பொறுப்பு. ஹைக்கூ பற்றி 1916-லேயே பாரதியார் எழுதியிருக்கிறார். ஜப்பானிய மொழியில் அது 5, 7, 5 என்று 17 ஒலியலகுகளால் ஆனது. அந்த அலகு நம் அசையன்று. ஆகவே தமிழில் அது 3 வரிகளாக மட்டும் நின்றுவிட்டது. கல்லூரி விழாக்களில் ஹைக்கூப் போட்டிக்கு நடுவராக அமர்ந்திருக்கிறேன். ஓர் உரைநடை வாக்கியத்தை மூன்றாக ஒடித்தவையே பெரும்பாலும் வந்தன. காட்சி ஒன்று கண்முன் நின்ற கவிதைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

தேர்வில் அலகிடும் வினாவை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதனோடு, தன் ஊரைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ சொந்தமாக ஓர் அடி எழுதி அதையே அலகிடச் சொல்லலாம். தளை தட்டினாலும் மதிப்பெண் தரலாம். எங்கே தட்டுகிறது என்று மாணவரே கண்டு சொன்னால் முழு மதிப்பெண் தரலாம்.

இதை என் பேத்தியிடம் சோதித்துப் பார்த்தேன். அவள் எழுதிய முதலடி: 'பேருந்தில் கூட்டம் படியில் அண்ணன்கள்'. மூன்று சீர்கள் வெண்பாவுக்குப் பொருந்துகின்றன. நான்காவதில் தட்டுகிறது, 'படியில்' மாச்சீர், அடுத்து நிரை வர வேண்டிய இடத்தில் 'அண்' என்று நேர் வந்துவிட்டது. சொல்லை மாற்றிப் பார் என்றேன். மறுத்துவிட்டாள். தினமும் படியில் தொங்குபவர்கள் அண்ணன்கள்தானாம். சிறிது நேரம் பாடநூலைப் புரட்டியவள், "மா முன் நேர் வந்தா ஆசிரியத்தளைதானே தாத்தா, அப்ப இது அகவலா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அகவலுக்குக் குறைந்தது 3 அடிகள் வேண்டுமே என்றேன். மீதி 2 அடிகளை எழுதிக்கொண்டிருக்கிறாள்.