பாராமகால் கணக்கு முதல் தமிழ்நிலம் வரை: தருமபுரி நிலப்பதிவேடுகளும் மக்கள் பங்கேற்பும்

திறவுச்சொற்கள்: தருமபுரி, பாராமகால், இரயத்துவாரி, கர்ணம், ஜமாபந்தி, மின்னாளுகை

முன்னுரை

வளரும் நாடுகளின் மின்னாளுகைத் திட்டங்களுள் ஏறத்தாழ 35 விழுக்காடு முழுத் தோல்வியும் 50 விழுக்காடு பகுதித் தோல்வியும் அடைவதாக ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003இல் மதிப்பிட்டார். வடிவமைப்பாளர் கருதிக்கொள்ளும் நிலைக்கும் களத்தின் உண்மை நிலைக்கும் இடையிலுள்ள தொலைவே இதற்கு முதன்மைக் காரணம் என்பது அவர் கருத்து. அத்தொலைவு கணினியோடு பிறந்ததன்று. தருமபுரி மாவட்ட நிலப்பதிவேடுகளின் இருநூறாண்டு வரலாற்றிலும் அதனைக் காணலாம். பதிவேட்டை எழுதுபவர் யார், படித்தறிபவர் யார், மறுத்துரைக்கும் இடம் எது என்னும் மூன்று வினாக்களின் வழி அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாராமகாலில் புலவாரிக் கணக்கு

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கைப்படி, பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆட்சிப் பொறுப்பு அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பெற்றது. அவருடைய உதவியாளருள் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். புதிய ஆட்சியாளர் ஊர்களை அறியார். நில விவரங்களோ கர்ணங்களின் கணக்குகளில் இருந்தன. ஆகவே வயல்தோறும் அளந்து, உழவர் ஒவ்வொருவர் பெயரிலும் தீர்வை குறிக்கும் முறை இங்கு உருவாயிற்று. பின்னர் இரயத்துவாரி எனப் பெயர்பெற்ற முறையின் தொடக்கக் களங்களுள் பாராமகால் முதன்மையானது.

நிலத்தை நிலைத்த தீர்வைக்குக் குத்தகையாகக் கொள்ளவோ ஆண்டுதோறும் உடன்படவோ உழவர்க்கு இசைவளித்து ரீடு 1796 டிசம்பரில் அறிவிப்பு வெளியிட்டார். வருவாயைப் பெருக்குவதே கம்பெனியின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. எனினும், உழவர் பெயர் அரசின் ஏட்டில் நேரடியாக ஏறியது குறிப்பிடத்தக்கது.

1802க்குப் பின் வங்காள நிலைவரித் திட்டத்தைப் பின்பற்றி, ஊர்கள் மிட்டாக்களாகத் தொகுக்கப்பெற்று ஏலம் விடப்பட்டன. அரசின் ஏட்டில் மிட்டாதார் பெயர் நின்றது. உழுதவர் பெயர் மறைந்தது. மிட்டாக்கள் பல நொடித்து அரசிடமே மீண்டன. அவ்வூர்களில் உழவர்வாரிக் கணக்கு மறுபடியும் தேவைப்பட்டது.

கர்ணம், ஜமாபந்தி, 1980

அடங்கல், சிட்டா முதலிய ஊர்க்கணக்குகளைப் பரம்பரைக் கர்ணங்களே எழுதிவந்தனர். ஊரறிவும் அதனால் விளைந்த செல்வாக்கும் அவர்களிடமே குவிந்திருந்தன. ஆண்டுதோறும் வட்ட அளவில் நிகழும் ஜமாபந்தி, அக்கணக்குகளை மேலலுவலர் தணிக்கை செய்யும் நிகழ்வாகும். குடிமக்கள் மனுவோடு வந்து பதிவை மறுத்துரைக்கவும் அது வாய்ப்பளித்தது. ஏற்றத்தாழ்வு மிக்க சமூகத்தில் அவ்வாய்ப்பு எல்லார்க்கும் ஒத்திருக்கவில்லை. ஆயினும் அதற்கென நாளும் இடமும் இருந்தன.

1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982இல் அதனை ஏற்றது. பிறப்புவழி அதிகாரம் நீங்கிக் கிராம நிர்வாக அலுவலர் பதவி வந்தது. இது சமூகநீதி நோக்கில் இன்றியமையாத மாற்றம். நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் 1987 வரை நடைபெற்றது. ஊரை அறிந்த பழைய எழுத்தர் விலகிய காலமும் ஊர் ஏடுகள் திருத்தி எழுதப்பெற்ற காலமும் ஒன்றாயின. அத்திட்டத்தில் நேர்ந்த பெயர், பரப்புப் பிழைகளைத் திருத்தக் கோரும் மனுக்கள் இன்றும் ஓயவில்லை.

தமிழ்நிலம்

அண்மைப் பதிற்றாண்டுகளில் இவ்வேடுகள் ‘தமிழ்நிலம்’ மென்பொருளுக்கு மாறின. அரூரிலோ பென்னாகரத்திலோ வாழும் ஒருவர் வட்டாட்சியர் அலுவலகம் செல்லாமலே பட்டாவின் நகலைப் பெறலாம். படித்தறியும் உரிமை இந்த அளவுக்கு முன்னெப்போதும் விரிந்ததில்லை. ஆனால் பழைய ஏட்டின் பிழை கணினியில் ஏறியபின் அச்செழுத்தின் உறுதியைப் பெற்றுவிடுகிறது. பார்ப்பது ஒரு நொடி. திருத்துவதோ மனு, விசாரணை, ஆணை என நீளும் வழி.

அண்டை மாநிலமான கருநாடகத்தின் ‘பூமி’ திட்டம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஏறத்தாழ 67 இலட்சம் உடைமையாளர்களின் 2 கோடிப் பதிவுகளை அது கணினிக்குக் கொணர்ந்தது. மாறுதல் மனுக்களை வந்த வரிசையிலேயே தீர்க்குமாறு மென்பொருளை அமைத்தமை அதன் சிறப்பு. அலுவலரின் விருப்புவெறுப்பை வடிவமைப்பே கட்டுப்படுத்தியது. எனினும், வரிசையைக் காப்பது ஒன்று. பதிவின் உண்மையை ஊரார்முன் சோதிப்பது வேறொன்று.

இரண்டாவதற்குச் சட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராயும் தொடக்கப் பொறுப்பைக் கிராம சபைக்கு வழங்குகிறது. சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில், ஏட்டில் இல்லாத அனுபவ உரிமைக்கு ஊராரின் நினைவே முதற்சான்று ஆகக்கூடும்.

முடிவுரை

புலவாரிக் கணக்கும் கர்ணத்தின் ஏடும் தமிழ்நிலமும் கருவியால் வேறுபடினும், மறுத்துரைக்கும் இடம் எது என்னும் வினாவை ஒன்றுபோலவே எதிர்கொள்கின்றன. மக்களோடு இணைந்து இயங்கும் அரசுத் தளம் என்பது திரையில் தகவலைக் காட்டுவதோடு முடிவதன்று. ஊர்வாரிப் பதிவுகளை ஆண்டுக்கொரு முறை கிராம சபையில் படித்துக்காட்டி, எழும் மறுப்புகளைத் தளத்திலேயே எண்ணிட்டுப் பதிந்து, அவை தீரும்வரை உரிய பட்டாவின் நகலிலும் குறித்துவருதல் வேண்டும். ஜமாபந்தியின் பொருளைக் கணினிக் காலத்துக்குக் கொண்டுவரும் வழி இதுவே. அவ்வாறின்றேல், மிட்டாக் காலத்தில் நேர்ந்ததுபோல, உழுபவர் பெயர் ஏட்டிலிருந்து மீண்டும் நழுவக்கூடும்.