பிரஷ்யப் படைவீரனின் பாதமும் அச்சங்குளத்துப் பிள்ளைகளின் காலும்

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. போலீஸ் செலக்‌ஷனுக்கோ ராணுவத்துக்கோ ஓடிப் பழகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படிங்க.

சாத்தூர், வெம்பக்கோட்டை, அச்சங்குளம் பக்கம் விடியுமுன் தார் ரோட்டில் போனால் ஓடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கணும். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "எம்புள்ள மருந்து ரூமுக்குள்ள போகக் கூடாது" என்று அதன்பிறகு சொல்லாத தாய் இங்கே குறைவு. (இந்த ஊரில் மருந்து என்றால் வெடிமருந்துதான், நான் எழுதித் தருவது அல்ல!) அதனால்தான் கால் வலித்தாலும் பிள்ளைகள் நிற்பதில்லை. "ஒரு ஊசி போடுங்க சார், நாளைக்கும் ஓடணும்" என்கிறார்கள்.

இந்த வலிக்கு ஒரு வரலாறு உண்டு.

1855-ல் பிரைத்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட தூரம் நடந்த படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடி இல்லை, விழவும் இல்லை. அப்புறம் எப்படி வீங்கும்? தசைநாரைச் சுற்றிய அழற்சி என்று நினைத்தார்கள். 1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். 1897-ல் ஸ்டெக்கோவ் படம் எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: பாத எலும்பு முறிந்திருந்தது!

அடிபடாமல் எலும்பு எப்படி முறியும்? புதிதாகப் பளு ஏறினால் எலும்பு தன்னைத் திருத்திக் கட்டும். ஆனால் முதலில் பழையதை அரித்து எடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். அரிப்பது சில வாரம், கட்டி முடிக்க மாதங்கள். இடையில் எலும்பு பலவீனமாக இருக்கும்போது தினமும் தார் ரோட்டில் மோதினால் நுண்ணிய விரிசல் விடும். 1985-ல் வெளியான ஆய்வில் இஸ்ரேலின் 295 புதிய படைவீரர்களில் 31 சதவீதம் பேருக்கு இப்படி விரிசல் இருந்தது. நோட்டிபிகேஷன் வந்த பிறகு ஓட ஆரம்பிக்கும் நம்ம பசங்களும் இதே நிலைமைதான்.

முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் நெடுக வலித்தால் பெரும்பாலும் எலும்பு உறை அழற்சி. ஓட்டத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். ஒரே விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் சுருக்கென்று வலித்தால், ஒற்றைக்காலில் குதிக்க முடியாவிட்டால், விரிசலைச் சந்தேகிக்கணும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரே நார்மலாகவே வரலாம். "படம் நல்லாருக்கு, ஓடு" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

சரி, ஐஸ்? ரெஸ்ட், ஐஸ், கம்ப்ரஷன், எலிவேஷன் என்ற சூத்திரத்தை 1978-ல் தந்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல ஆண்டுகள் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே எழுதினார். வலி தாங்கலேன்னா முதல் ஓரிரு நாள் துணி சுற்றி 10 நிமிடம் வைக்கலாம், அவ்வளவுதான்.

படி இறங்கும்போது முட்டிச் சில்லைச் சுற்றி வலித்தால் தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பயிற்சி கொடுக்கணும். கோடையில் கரிசல் வெடிப்பில் கால் மாட்டி முட்டி திருகி, "டப்"னு சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவி விடாதீங்க, எலும்பு மருத்துவரிடம் போங்க.

தேதி வருவதற்கு நாலஞ்சு மாதம் முன்பே, ஒருநாள் விட்டு ஒருநாள், கண்மாய்க்கரை மண்ணில் ஓடத் தொடங்குங்க. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போனால் அது எலும்புக்கும் எச்சரிக்கை. கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்க.

ஒன்று மட்டும் அவசரம். ஓடும்போது தொடை இடுக்கில் வலித்தால் அன்றைக்கே நிறுத்தணும். தொடை எலும்பின் கழுத்தில் விரிசலாக இருக்கலாம். அது முழுதாக முறிந்தால் ஆபரேஷன்தான், அந்த வருஷச் செலக்‌ஷனும் போயிடும்.