இருமுனை மனநோய் ஆய்வுப் பயிற்சி நல்கை

இருமுனை மனநோய் ஆய்வுப் பயிற்சி நல்கை என்பது மிகையெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் நோயை ஆராயும் இளநிலை ஆய்வாளர்க்கு ஊதியமும் வழிகாட்டுதலும் அளிக்கும் உதவி. இந்தியாவில் இந்நோய்க்கெனத் தனித்து அமைந்ததைவிடப் பொது உயிர்மருத்துவ நல்கைகளின் வழியே கிடைப்பதே மிகுதி. மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் 2008இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதன் இளநிலை நல்கை ஐந்தாண்டுக் காலத்தது, மருத்துவர்களுக்குத் தனிப்பிரிவும் உண்டு.

இத்துறையின் முதன்மைக் களம் பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ். 1954இல் உருவான அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து பிறந்தது இது.

நிம்ஹான்ஸ், தேசிய உயிரியல் அறிவியல் மையம், குருத்தணு ஆய்வு நிறுவனமான இன்ஸ்டெம் ஆகியவை கூட்டாக நடத்தும் குருத்தணுத் திட்டம் இளம் ஆய்வாளர்க்குப் பயிற்சிக்களமாகவும் உதவுகிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு மனநோயுள்ள குடும்பங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவர்களது ரத்த அணுக்கள் குருத்தணுக்களாக்கப்பட்டு, அவற்றிலிருந்து நரம்பணுக்கள் வளர்க்கப்படுகின்றன. உயிருள்ள நோயாளியின் மூளைத்திசுவை எடுத்து ஆராய இயலாமையே இச்சுற்றுவழிக்குக் காரணம். 1949இல் மருத்துவர் ஜான் கேட் மருந்தாக அறிவித்த லித்தியம் சிலருக்குப் பயன்பட்டுச் சிலருக்குப் பயன்படாதது ஏன் என்பது இத்தகைய அணுக்களில் ஆராயப்படும் வினாக்களுள் ஒன்று.

இத்தகைய ஆய்வின் தேவையைப் புள்ளிவிவரமும் காட்டுகிறது: தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த 2015–16 தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் சுமார் 0.5 விழுக்காட்டினர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளானதாகவும், நோயுற்றோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை என்றும் கணித்தது.